நெல்லு இலை செவந்து போவு, ஜிங்க் குறையா வேற எதுவுமா? (கல்குளம் பக்கம், தாழ்ந்த ஏலா வயல்)

ஏலாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வயல் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுல, ஒரு ரப்பர் தோட்டத்துச் சரிவுக்கு அடியில உள்ள ஏலா (பள்ளத்து நெல்வயல்), 80 சென்ட். கன்னிப்பூவுக்கு (மொதப் போகம்) அம்பை 16ங்கிற குறுகிய கால நெல்லு நட்டு இன்னும் ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள அடி இலையில நுனியில இருந்து சின்னச் சின்ன தவிட்டு நிறப் புள்ளியா வந்து, அப்பறம் இலை மொத்தமும் ஆரஞ்சு கலர்ல செவந்து போவு. மேல்வரப்ப ஒட்டி உள்ள பாதியிலதான் கூடுதல், கீழ்ப்பாதி பரவாயில்ல. தூர் சரியா கட்டல. வெள்ளம் (தண்ணி) எப்பவும் நிக்கும், மேல செவப்பா ஒரு ஏடு படிஞ்சு எண்ணெய் ஊத்தின மாதிரி மினுங்கும்.

உரக்கடையில போட்டோ காட்டினேன், ஜிங்க் (துத்தநாகம்) குறைன்னு சொல்லி ஜிங்க் சல்பேட்டும் ஒரு மூட்டை டிஏபியும் (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) எடுத்து வச்சிட்டாரு, ரெண்டையும் ஒண்ணா கலந்து வீசிருன்னாரு. இன்னும் வாங்கல. நான் போடுறது வருசா வருசம் ஒரே கணக்குதான், அடியுரமா 20:20:0:13 காம்ப்ளக்ஸ் உரம் ஒரு மூட்டை, பெறவு யூரியா ரெண்டு மூட்டை ரெண்டு தடவையா. அதுல ஒரு யூரியா போட்டாச்சு. மாடு இல்ல, அதனால சாணி எரு கெடையாது. வைக்கல் மெஷின்ல கட்டி அப்பிடியே வித்துருவோம். பைசா செலவழிக்கதுக்கு முன்ன கேட்டுருவோம்னுதான் இங்க போடுறேன்.

பூதப்பாண்டி அண்ணாச்சி:
தம்பி மொதல்ல அந்த ரெண்டையும் கலக்காத. ஜிங்க் சல்பேட்ட டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எது கூடயும் சேக்கக் கூடாது, சேந்தா ரெண்டும் கட்டிப்போயி பயிருக்கு ஒண்ணும் கிட்டாது, அந்தக் கடைக்காரருக்கு மூட்டை போனா போரும்னு இருக்கும். ஆனா ஜிங்க் குறையா இருக்கவும் வாய்ப்பு உண்டு கேட்டியா, எங்க பக்கம் குளத்துப் பாசனத்துல தண்ணி ஓயாம நிக்க வயல்ல இதே மாதிரி செவக்கும். நடவுக்கு முன்ன பரம்படிச்ச பெறவு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்ட 20 கிலோ மணல்ல கலந்து மேலாக்க வீசணும், உழுது உள்ள தள்ளப்பிடாது. நீ நட்டாச்சு, அதனால இப்பம் 0.5 சதம் ஜிங்க் சல்பேட், 1 சதம் யூரியா கரைசல் தெளிச்சுப் பாரு, 15 நாள் விட்டு இன்னொருக்கா. பைசாவும் குறைவு.

வயலும்வேலையும்:
அண்ணாச்சி கலக்கக் கூடாதுன்னு சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா நான் அக்ரி படிச்சவ, எங்க வீட்டு வயலும் இதே மாதிரி மலையடி ஏலாதான், எனக்கு இது ஜிங்க் மாதிரி தெரியல, இரும்பு கூடிப் போனது மாதிரி தெரியுது. ஏலாக்காரன் அண்ணா, மூணு விசயம் பாத்து சொல்லுங்க.

புதுசா வந்த இலையில அடிப்பக்கம் நடு நரம்பு வெளுத்து இருக்கான்னு பாருங்க, ஜிங்க் குறைன்னா அப்பிடி வெளுக்கும். ரெண்டாவது ஒரு தூர புடுங்கி வேர கழுவிப் பாருங்க, இரும்புன்னா வேர் கொஞ்சமாதான் இருக்கும், மேல கரும் தவிட்டு நிறத்துல தோல் மாதிரி படிஞ்சிருக்கும். மூணாவது அந்த ஏட்ட ஒரு கம்பு வச்சு கலைங்க, ஒடஞ்சு துண்டு துண்டா நின்னா அது இரும்பு பாக்டீரியா ஏடு, ஒடனே திரும்ப ஒண்ணு சேந்தா எவனோ டிராக்டர் டீசல் சிந்திட்டுப் போயிருக்கான்னு அர்த்தம் 😄

துங்ரோங்கிற வைரஸ் நோயும் இலைய ஆரஞ்சாக்கும், ஆனா அது பச்சைத் தத்துப்பூச்சி பரப்புறது, வயல்ல அங்கொண்ணு இங்கொண்ணா வரும், மேல்வரப்போரமா இப்பிடி கோடு போட்ட மாதிரி நிக்காது.

ஏலாக்காரன்:
காலையில போய் பாத்தேன். புது இலை பச்சையாதான் இருக்கு, நரம்பு வெளுக்கல. வேர் நீங்க சொன்ன மாதிரியேதான், கறுத்து மொரமொரன்னு, வெள்ள வேர் ஒண்ணு ரெண்டுதான் உண்டு. ஏடு கம்பால தட்டினதும் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒடஞ்சு நின்னுச்சு. மேல்வரப்புக்கு அடியில ஊத்து மாதிரி செவந்த வெள்ளம் கசியுது, மழை விட்டாலும் நிக்காது.

வயலும்வேலையும்:
அப்போ இரும்புதான் அண்ணா. நம்ம மேக்கு பக்கத்து மண்ணு செம்பாறை மண்ணு, புளிப்பு கூடுனது, அதுல இரும்பு கெடக்கும். காத்து பட்டுக் கெடக்கும்போ அது கரையாம செவப்பா இருக்கும், பயிர ஒண்ணும் செய்யாது. வெள்ளம் ஓயாம நின்னா மண்ணுல ஆக்சிஜன் தீந்து அந்த இரும்பு கரையிற வடிவத்துக்கு மாறி வேர் வழியா இலைக்கு ஏறும். பத்தாததுக்கு சரிவுல இருந்து கசியிற வெள்ளமும் இரும்ப கொண்டு வந்து ஒங்க மேல்பாதியில எறக்குது, அதான் அங்க மட்டும் கூடுதல். அதனால மொத வேலை உரம் இல்ல, வெள்ளம். மேல்வரப்ப ஒட்டி உள்பக்கமா ஒரு சால் வெட்டி அந்தக் கசிவ நேரா வாய்க்காலுக்கு விட்டுருங்க. வயல்ல நிக்க வெள்ளத்த வடிச்சு, மண்ணு லேசா வெடிக்கதுக்கு முன்ன வரைக்கும் காயப்போட்டு திரும்ப கட்டுங்க. மழை விட மாட்டேங்குதுன்னா வடிய மடையாவது தெறந்தே கெடக்கட்டும்.

அடுத்தது ஒங்க உரக் கணக்கு. நம்ம பக்கம் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 120, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 40, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 40 கிலோ. 80 சென்ட்டுக்கு கணக்கு போட்டா தழைச்சத்து 39, மணிச்சத்து 13, சாம்பல்சத்து 13 கிலோ வரும். நீங்க போடுறதப் பாருங்க, 20:20:0:13 மூட்டை 50 கிலோவுல தழை 10, மணி 10. யூரியா 45 கிலோ மூட்டை ரெண்டுல தழை 41. ஆக தழை 51, மணி 10, சாம்பல் பூஜ்யம்! மூட்டையில மூணாவதா போட்டிருக்க 0 அதுதான், கடைசி 13 கந்தகம். இத்தன வருசமா ஒரு பிடி பொட்டாஷ் போகல, வைக்கலும் வித்தாச்சு. நெல்லு எடுக்க பொட்டாஷ்ல முக்காவாசிக்கு மேல வைக்கல்லதான் கெடக்கும், ஒரு டன் வைக்கல் வெளிய போனா 14ல இருந்து 20 கிலோ வரை கூடவே போவுது. பொட்டாஷ் இல்லாத பயிருக்கு வேர் பலம் இல்ல, இரும்ப வெளியவே தடுத்து நிறுத்த அதால முடியாது. யூரியா ரெண்டாவது மூட்டைய இப்ப போடாதீங்க, மியூரேட் ஆப் பொட்டாஷ் 21 கிலோ மேலுரமா போடுங்க, வெள்ளத்த வடிச்ச பெறவு. டிஏபிய கடையிலயே விட்டுருங்க.

பாரக்பூர் மக்கா:
நான் தக்கலைக்காரன், வேலை மேற்கு வங்கத்துல. இங்க சணலும் நெல்லும் மாறி மாறி ஒரே வயல்ல, மார்ச் ஏப்ரல்ல சணல் வெதச்சு நாலு மாசத்துல வெட்டி, அங்கயே ஆமன் நெல்லு (மழைக்காலப் போகம்) நடுவாங்க. சணல் ஆளு ஒசரத்துக்கு மேல வளரும், பொட்டாஷ பயங்கரமா இழுக்கும், ஆனா இலை கொட்டிக்கிட்டே இருக்கும், வெட்டுன பெறவும் கட்ட ரெண்டு மூணு நாள் வயல்லயே சாத்தி வச்சு மிச்ச இலையையும் உதுத்து விட்டுட்டுதான் குளத்துல ஊறப் போடுவாங்க, அதனால அடுத்த நெல்லுக்கு நல்ல தழை கிட்டும். நம்ம ஊர்ல வைக்கல கட்டி ஏத்துற நேரத்துல இங்க ஆளு நின்னு இலைய உதுத்துட்டு இருப்பான்.

இங்க பக்கத்துல நீல்கஞ்சுல சணல் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு உண்டு, மத்திய அரசு. 1971ல இருந்து ஒரே வயல்ல சணல், நெல்லு, கோதுமைன்னு மூணையும் சுத்திச் சுத்திப் போட்டு எந்த உரம் போட்டா மண்ணு என்னாவுதுன்னு பாத்துட்டு இருக்காங்க. வெறும் தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி கீழ போச்சு, மூணு சத்தும் போட்டு கூட தொழு உரமும் போட்ட பாத்திதான் மேல நிக்குது. ஏலாக்காரன் கணக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் எனக்குத் தெரியல.

பூதப்பாண்டி அண்ணாச்சி:
செரி, அந்தப் பிள்ள சொன்னத ஒத்துக்கிடுகேன், வேர் கறுத்துருக்குன்னா இரும்புதான். மேக்க இது சாதாரணம் போல, எங்க குளத்து மண்ணுல நான் இப்பிடி பாத்தது கெடையாது. ஆனா எங்க பாட்டா காலத்துல தொழி (சேறு) உழும்போ பூவரசு இலையும் சீமைக்கொன்னை இலையும் வண்டி வண்டியா கொண்டு வந்து மிதிப்பாங்க, சாம்பலும் போவும், பொட்டாஷ்னு ஒரு மூட்டை எவனும் கண்டதில்ல. தம்பி, கும்பப்பூவுக்கு (அடுத்த போகம்) அதச் செய்யி, ரப்பர் தோட்டத்து வேலியில நெறய சீமைக்கொன்னை நிக்கும்.

வயலும்வேலையும்:
தழை வேணும் அண்ணாச்சி, ஏக்கருக்கு ரெண்டரை டன் வரைக்கும் போடலாம். ஆனா இந்த மாதிரி வெள்ளம் வடியாத எடத்துல பச்சைத் தழைய மிதிச்ச கையோட நட்டா அழுகும்போது இருக்க ஆக்சிஜனையும் தின்னு இரும்ப இன்னும் கரைச்சு விடும். நடவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மிதிச்சிரணும், மொதல்ல சால் வெட்டியிருக்கணும். ஒங்க பாட்டா வயல்ல தண்ணி வடிஞ்சிருக்கும், அதான் அவருக்கு ஒண்ணும் ஆகல.

ஏலாக்காரன்:
சால் வெட்ட நாளைக்கு ஆளு சொல்லியாச்சு. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, புளிப்பு மண்ணுன்னா சுண்ணாம்பு போடச் சொல்லுவாங்களே, பயிர் நிக்கும்போ போடலாமா? மற்றது, மண்ணு டெஸ்ட் எங்க குடுக்கணும்?

வயலும்வேலையும்:
போடலாம். கேரளாவுல புளிப்பு வயலுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோன்னு சொல்லி அத ரெண்டா பிரிப்பாங்க, மொத உழவுல 350, நட்டு ஒரு மாசம் ஆவும்போ 250. நம்ம மேக்கு மண்ணும் அவங்க மண்ணும் ஒண்ணுதான். அந்த ரெண்டாவது தவணை ஒங்க 80 சென்ட்டுக்கு 80 கிலோ வரும். வெள்ளத்த வடிச்சுட்டு நீத்துன பொடியா தூவுங்க, கையில உறையும் கண்ணுல கண்ணாடியும் போட்டுக்கிடுங்க. சுண்ணாம்பும் யூரியாவும் சந்திக்கப்பிடாது, சத்து காத்துல போயிரும், அதனால சுண்ணாம்பு போட்டு ஒரு வாரம் கழிச்சு மிச்ச யூரியாவ போட்டாப் போதும், அதுவும் முழு மூட்டை வேண்டாம், பாதி போரும்.

டெஸ்ட்டுக்கு திருப்பதிசாரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க கேளுங்க. மண்ண இப்ப எடுக்காதீங்க, அறுப்பு முடிஞ்சு கும்பப்பூவுக்கு உரம் போடதுக்கு முன்ன எடுங்க. மேல்பாதி தனியா கீழ்ப்பாதி தனியா, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பதினஞ்சு எடத்துல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி ஓரத்து மண்ண சொரண்டி, எல்லாத்தையும் கலந்து அரை கிலோ ஆவும் வரைக்கும் கால் கால் பங்கா கழிச்சுக் குடுங்க. வரப்போரம், மரத்தடி, சுண்ணாம்பு குமிச்சு வச்ச எடம் இதெல்லாம் வேண்டாம். புளிப்பு எவ்வளவுன்னு நம்பர் வந்தப்பறம் சுண்ணாம்புக் கணக்க மாத்திக்கலாம்.

பூதப்பாண்டி அண்ணாச்சி:
வைக்கல மட்டும் இந்தத் தடவ விக்காத தம்பி. மெஷின்காரன் வந்து நிக்கதுக்கு முன்னயே சொல்லிரு, இல்லன்னா நீ டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள கட்டி லாரியில ஏத்திருவான்.