புதுப்பிப்பு: விஎஸ் கோடில் ஈஎஸ்லிண்ட் சிவப்புக் கோடு வராத சிக்கல் தீர்ந்தது

ஜாவாஸ்கிரிப்ட் கோடில் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவியான ஈஎஸ்லிண்ட், டெர்மினலில் அவற்றைக் காட்டினாலும் விஎஸ் கோட் எடிட்டருக்குள் மட்டும் வாயே திறப்பதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

விஎஸ் கோடில் திறந்திருந்தது தாய் ஃபோல்டர்; ஈஎஸ்லிண்டின் விதிகளும் அமைப்புகளும் உள்ள கான்ஃபிக் ஃபைல் இருப்பதோ அதற்குள்ளே ‘கிளையன்ட்’ ஃபோல்டரில். ஈஎஸ்லிண்டின் 9ஆம் பதிப்பு, தான் ஓடும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கித்தான் கான்ஃபிக்கைத் தேடும், கீழே இறங்காது. டெர்மினலில் ‘கிளையன்ட்’டுக்குள் நின்று ஓட்டியதால் அங்கே பிரச்சினை தெரியவில்லை. அவுட்புட் பேனலில் ஈஎஸ்லிண்டைத் தேர்ந்தெடுத்தால் ‘கான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்ற வரி அப்படியே கிடக்கிறது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தீர்வு: செட்டிங்ஸில் ஈஎஸ்லிண்டின் ‘வொர்க்கிங் டைரக்டரிஸ்’ பட்டியலில் ‘கிளையன்ட்’டைச் சேர்த்து, கமாண்ட் பேலட்டில் ஈஎஸ்லிண்ட் சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சோதிக்க வேண்டாத ஃபைல்களைப் பட்டியலிடும் பழைய ‘இக்னோர்’ ஃபைலை 9ஆம் பதிப்பு படிக்காது. விலக்க வேண்டியவற்றைக் கான்ஃபிக்கிலேயே ‘இக்னோர்ஸ்’ மட்டும் உள்ள தனி ஆப்ஜெக்டாகக் கொடுங்கள்; ‘ரூல்ஸ்’ போன்ற வேறு கீயும் கூட இருந்தால் விலக்கு அந்த ஆப்ஜெக்டின் விதிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

சேவ் செய்யும்போதே திருத்த, ‘கோட் ஆக்‌ஷன்ஸ் ஆன் சேவ்’ பகுதியில் ஈஎஸ்லிண்டின் ‘ஃபிக்ஸ் ஆல்’ மதிப்பை ‘எக்ஸ்ப்ளிசிட்’ ஆக்கினால் போதும். ஆட்டோசேவை ‘ஆஃப்டர் டிலே’யில் வைத்திருப்பவர்களுக்குத் தானாகத் திருத்தம் நடக்காது, கன்ட்ரோல் எஸ் அழுத்தியே ஆகவேண்டும்.