புதுப்பிப்பு: .22 போல்ட் ஆக்‌ஷனுக்கு கட்டுபடியாகற பிராக்டிஸ் தோட்டா

என் சிஇசட் 457-க்கு (ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால போல்ட்டை இழுத்து லோட் பண்ற .22 ரைபிள்) கையைக் கடிக்காத தோட்டா எதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் பல்க் பாக்கெட் (மொத்தமா வர்ற மலிவு தோட்டா) வாங்குன்னீங்க, அதையும் போட்டுப் பாத்தாச்சு. டப்பா சுட ஓகே, 50 யார்டுல குரூப் (குண்டுங்க எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு) பாக்கணும்னா ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு போகுது.

இப்ப செட் ஆனது சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, குண்டு எடை 40 கிரெயின், வேகம் வினாடிக்கு 1070 அடி. ஒலி வேகம் சுமார் 1125 அடி, இது அதுக்குக் கீழயே கிளம்புறதால ஹை வெலாசிட்டி தோட்டா வழியில வேகம் குறைஞ்சு அந்த எல்லையைத் தாண்டும்போது வர்ற ஆட்டம் இதுல இல்ல. செமி ஆட்டோன்னா (தானே அடுத்த ரவுண்டை லோட் பண்ற துப்பாக்கி) ஆக்‌ஷனை ஓட்ட பவர் வேணும், நமக்கு கைதானே இழுக்குது, அப்புறம் அந்த வேகம் எதுக்கு?

எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் தோட்டால குரூப் இன்னும் டைட்டா வருது, லாபுவா தோட்டா கம்பெனியோட ஜெர்மனி ஃபேக்டரி சரக்காச்சே, ஆனா விலை ஜாஸ்தி, மேட்ச் நெருங்கினா மட்டும்தான் எடுப்பேன். பிராண்ட் மாத்துறப்ப முதல் பத்து இருபது ரவுண்டை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, பேரல்ல பழைய தோட்டா மேல இருந்த மெழுகு போய் புதுசோடது படியணும்.

நல்லா சுட்டா அதே லாட் நம்பர்ல (ஒரே தயாரிப்பு பேட்ச்) 500 ரவுண்டு பெட்டியா வாங்கிடுங்க. இந்த .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவை (விளிம்புல அடிச்சு வெடிக்கிறது) வீட்ல ரீலோட் பண்றதெல்லாம், அதாவது சுட்ட கூட்டுல மறுபடி மருந்து நிரப்பறதெல்லாம் நடக்காது, அந்த யோசனை சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு.