ஹியூகோ ஓட்டுத் தகராறு: எங்கள் குடும்பக் குழுவில்

தம்பி: லியு சிசின் எழுதிய சீன நாவல் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' முடித்துவிட்டேன் அக்கா. 2015ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியதாம். அந்த வருஷம் ஓட்டில் பெரிய தகராறாமே?

நான்: ஆமாம்டா. ஹியூகோவுக்கு நடுவர் குழு கிடையாது. வேர்ல்ட்கான் என்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். நேரில் போகாதவர்களுக்கும் அப்போது 40 டாலர் கட்டினால் ஓட்டு உண்டு.

மாமா: காசு கட்டினால் ஓட்டா? தகராறு வராமல் என்ன செய்யும்!

நான்: வினை காசில் இல்லை மாமா, பட்டியலில். முதல் சுற்று பரிந்துரை. அதில் ஒருவர் ஒரு பிரிவுக்கு ஐந்து பெயர் எழுதலாம். ஆயிரம் பேர் அவரவர் படித்ததை எழுதினால் ஓட்டு சிதறிவிடும். இருநூறு பேர் ஒரே ஐந்து பெயரை எழுதினால் இறுதிச் சுற்றின் ஐந்து இடமும் அவர்களுக்கே. சாட் பப்பீஸ், ராபிட் பப்பீஸ் என்ற இரண்டு அணிகள் இதைத்தான் செய்தன. குறுநாவல் பிரிவில் ஐந்துமே அவர்கள் பட்டியல்தான்.

மாமா: விதியில் இடம் இருந்ததாம்மா?

நான்: இருந்தது.

மாமா: அப்படியானால் எப்படிக் குற்றம் சொல்வது? அவர்களுக்கு என்ன குறை?

நான்: பரிசெல்லாம் இடதுசாரிக் கருத்துக்கே போகிறது, விறுவிறுப்பான சாகசக் கதையைச் சீண்டுவதில்லை என்றார்கள். சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் 'பட்டியலை அப்படியே எழுதுங்கள்' என்று ராபிட் பப்பீஸ் கேட்டது. வாசகர் விருதில் அது அநியாயம்.

தம்பி: த்ரீ பாடி யார் பட்டியலில் இருந்தது?

நான்: இரண்டிலும் இல்லை. பட்டியலால் இறுதிக்கு வந்த எழுத்தாளர் மார்கோ க்ளூஸ், இப்படி வந்த இடம் வேண்டாம் என்று விலகினார். அந்தக் காலியிடத்தில்தான் லியு சிசின் நாவல் நுழைந்து ஜெயித்தது. சிறந்த நாவல் ஹியூகோவை ஒரு மொழிபெயர்ப்பு வாங்கியது அதுவே முதல் முறை. க்ளூஸை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

அத்தை: மற்ற பிரிவெல்லாம்?

நான்: 5,950 பேர் ஓட்டுப் போட்டார்கள் அத்தை. பட்டியல் பெயர்களே நிறைந்த ஐந்து பிரிவில், ஓட்டுச் சீட்டில் இருக்கும் 'விருது இல்லை' என்ற தேர்வே ஜெயித்தது. எடிட்டர் விருது இரண்டும் அதில் அடக்கம்.

அத்தை: எனக்கு ஒப்பவில்லை. யாரோ பட்டியலில் பெயரைச் சேர்த்ததற்கு எடிட்டருக்குத் தண்டனையா?

நான்: எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் பட்டியல் போட்டால் பரிசு நிச்சயம் என்று ஆகியிருந்தால் அடுத்த வருஷம் ஆளாளுக்குப் போட்டிருப்பார்கள்.

அத்தை: அதற்கு விதியை அல்லவா மாற்ற வேண்டும்?

நான்: மாற்றினார்கள். இரண்டு வருஷக் கூட்டங்களில் ஒப்புதல் வேண்டும், அதனால் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒருவருக்கு ஒரு பிரிவில் ஒரே ஒரு புள்ளி. எழுதிய பெயர்களுக்குள் அது பங்காகும். எண்ணும்போது ஒரு பெயர் போட்டியிலிருந்து விழுந்தால் அதன் பங்கு மிச்சப் பெயர்களுக்குப் போகும்.

மாமா: அப்போது கூட்டாக எழுதினாலும் ஐந்தையும் அள்ள முடியாது. நல்ல ஏற்பாடு.

அத்தை: ஏற்பாடு சரி. அந்த எடிட்டர்கள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.