நடத்த ஆள் இல்லாத பேப்பரைப் பாடத்திட்டத்தில் வைக்கலாமா?

மன்னைக்காரன்:
மன்னார்குடிப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி, தாவரவியல் துறை. அடுத்த மாதம் பாடத்திட்டக் குழுக் கூட்டம். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடமாக உயிர்த்தகவலியலை (டி.என்.ஏ. போன்ற உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் பாடம்) போடச் சொல்கிறது நிர்வாகம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழுவின் படிவத்தில் புதிய பாடம் எத்தனை என்று கேட்பார்களே, அதற்காக. துறையில் அதை முறையாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. இடம் வேண்டுமே என்று பாசியியல், உயிர் உரம் பேப்பரை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதை நடத்துபவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். கெட்டிக்காரர். வயல் தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணியான அசோலாவை அள்ளி வருவார். ஓர் இலையை ஸ்லைடில் சொட்டுத் தண்ணீர் விட்டு நசுக்கி, அதற்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியான அனபீனாவை மைக்ராஸ்கோப்பில் காட்டுவார். பச்சை மணி கோத்த சரம். இடையிடையே சுவர் தடித்த, வெளிறிய ஒரு செல், ஹெட்டிரோசிஸ்ட். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிப்பது அதுதான் என்பார். யூரியாவுக்காக சொசைட்டியில் காத்துக் கிடக்கிற வீட்டுப் பிள்ளைகள், கண்ணை எடுக்க மாட்டார்கள். எதை வைப்பது?

ஐயாறு வாத்தியார்:
ஆள் இல்லாத பேப்பர் சீக்கிரமே நோட்ஸ் பேப்பர் ஆகிவிடும் தம்பி. கேள்வித்தாளில் 'சிறுகுறிப்பு வரைக' மட்டும் மிஞ்சும்; கேள்வி எடுப்பவருக்கும் அவ்வளவுதான் தெரியும். உயிர்த்தகவலியல் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு டி.என்.ஏ. வரிசையை, மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் மென்பொருளில் போட்டு, வருகிற முடிவைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தெரிந்தவர் வரட்டும், அப்புறம் போடுங்கள். அதுவரை வேண்டியவர்கள் அரசின் ஸ்வயம் இணைய வகுப்பில் படிக்கட்டும்.

குடந்தை கெஸ்ட்:
நானும் கௌரவ விரிவுரையாளர்தான் சார். அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவீர்களா? எங்கள் கல்லூரியில் பேப்பரை நடத்துவது நான், யூனிட் பிரித்து எழுதுவது வேறொருவர். செய்முறையில் எழுதியிருக்கிற கருவி லேபிலேயே இல்லை என்பது பாதி செமஸ்டர் போன பிறகு தெரிகிறது. விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வில் நான் தேறியிருக்கிறேன். அந்தத் தேர்வில் யாரும் ஸ்லைடு போடச் சொல்லவில்லை! எங்களுக்கு மே மாதச் சம்பளமும் கிடையாது. உங்கள் ஆளுக்கும் அப்படித்தான் என்றால், ஜூனில் திரும்பி வருவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐயாறு வாத்தியார்:
அவரைக் கூப்பிட யு.ஜி.சி. விதியிலேயே வழி இருக்கிறது. முதல்வர் ஒப்புதலோடு குழுத் தலைவர் துறையின் மற்ற ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான்.

மன்னைக்காரன்:
சரி சார், நாளைக்கே முதல்வருக்குக் கடிதம் கொடுக்கிறேன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவரை வெளி வல்லுநராகக் கேட்கவும் யோசனை. நாக் படிவத்தில் எதை எழுதுவது என்பதுதான் பாக்கி.