ஸ்லாஷ் டிரக்குக்கு பிரஷ்லெஸ்: 4000 கேவியா, 3200ஆ? 2எஸ்ஸா, 3எஸ்ஸா?

கண்மாய்க்காரன்:
வணக்கம். என்கிட்ட டிராக்ஸஸ் ஸ்லாஷ் ரிமோட் டிரக் இருக்கு. பின்சக்கரம் மட்டும் இழுக்கிறது, எக்ஸ்எல்-5 இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி) மாடல். கூட வந்த 12டி பிரஷ் மோட்டார் உயிரை விட்டுருச்சு, கையால தள்ளினாத்தான் சுத்துது. அதையே மறுபடி வாங்க மனசில்லை. 3660 அளவுல (36 மி.மீ. குறுக்களவு, 60 மி.மீ. நீளம்) 4000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். மோட்டாரை மட்டும் மாத்தினா போதுமா? 3எஸ் லைப்போ (மூணு செல் லித்தியம் பேட்டரி) தாங்குமா? ஓட்டுறது மதுரைப் பக்கம் வத்திப்போன கண்மாய்ல. பாதி கட்டாந்தரை, பாதி புழுதி. வெயில் பத்தி சொல்லவே வேணாம்.

பினியன் பித்தன்:
போதாது நண்பா. எக்ஸ்எல்-5 பிரஷ் மோட்டாருக்கானது, மோட்டாருக்கு ரெண்டு வயர்தான் போகும். பிரஷ்லெஸ்ஸுக்கு மூணு வேணும். மோட்டாரும் இஎஸ்சியும் சேர்ந்த செட்டா வாங்குங்க. ஹாபிவிங் மேக்ஸ்10 எஸ்சிடி 120 ஆம்பியர், 4எஸ் வரைக்கும் ஏத்துக்கும்.

கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு, அதை வோல்ட்டோட சேர்த்துத்தான் பார்க்கணும். 4000 கேவிக்கு 2எஸ் போட்டா 7.4 வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 29,600 சுத்து. அதே மோட்டாருக்கு 3எஸ் போட்டா 11.1 வோல்ட்டுக்கு 44,400. முழு சார்ஜ்ல 12.6 வோல்ட் இருக்கும்போது 50,000ஐத் தாண்டிரும். புழுதியில அது மோட்டாரை வறுத்து எடுத்துரும். 3200 கேவிக்கு 3எஸ் போட்டா 35,520. என் ஓட்டு அதுக்குத்தான். பினியன்ல (மோட்டார் ஷாஃப்ட்ல மாட்டுற சின்னப் பல்சக்கரம்) ரெண்டு மூணு பல் குறைச்சுப் போட்டா வேகம் கிட்டத்தட்ட 2எஸ் அளவுக்கு வந்துரும், ஆம்பியர் குறைவா இழுக்கும். சூடாக்குறது ஆம்பியர்தான்.

இன்னொண்ணு, 3660க்கு ஷாஃப்ட் 5 மி.மீ. உங்க பழைய பினியன் துளை 3.17 மி.மீ., உள்ள போகாது. பல்லோட பிட்ச் (பல் அளவு) பினியன் சுத்துற பெரிய பல்சக்கரத்துக்கு, அதாவது ஸ்பர் கியருக்குப் பொருந்துதான்னும் பார்த்து வாங்குங்க.

புழுதிப்புயல்:
கணக்கெல்லாம் சரி. ஆனா ஸ்லாஷ் கியர்பாக்ஸும் பின் அச்சும் பிளாஸ்டிக். 3எஸ்ல திராட்டிலை ஒரேயடியா அமுக்கினா மூக்கைத் தூக்கி மல்லாக்க விழும். பசங்க கையில கொடுக்கிற வண்டின்னா 4000 கேவி, 2எஸ், அத்தோட நிறுத்திக்கலாம். எதைப் போட்டாலும் ஸ்லிப்பர் கிளட்சை இறுக்கிக் கட்டாதீங்க, கொஞ்சம் வழுக்கணும்.

பேட்டரி 5000 எம்ஏஹெச், ஹார்ட்கேஸ். 50சி-ன்னு (கொள்ளளவைப் போல 50 மடங்கு கரண்ட்) போட்டிருந்தா காகிதத்துல 250 ஆம்பியர். அதுல பாதி வந்தாலே இந்த வண்டிக்கு ஏகம். 3எஸ் தடிமனா இருக்கும், வண்டியில பேட்டரி வைக்கிற தட்டோட உயரத்தை அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

கண்மாய்க்காரன்:
3200 கேவி செட்டே வாங்கிட்டேன். லைப்போ இன்னும் வந்து சேரல, அதனால பழைய 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். மெதுவா கிளப்பினா திக்கித் திக்கிப் போகுது. முழு திராட்டில் கொடுத்தா கொஞ்ச தூரத்துல பொசுக்குன்னு சக்தி போயிருது. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடுது. மோட்டார் தொட்டா சூடே இல்ல. இஎஸ்சி கோளாறா?

பினியன் பித்தன்:
சூடு இல்லாம வெட்டுதுன்னா வோல்ட்தான். 8.4ஐப் பார்த்ததும் இஎஸ்சி அதை 2எஸ் லைப்போன்னு எடுத்துக்கும். முழு திராட்டில்ல நிக்கல் பேட்டரியோட வோல்ட் சரியும், உடனே லைப்போவைக் காப்பாத்துற கட்-ஆஃப் விழுந்துரும். லைப்போ வந்ததும் கட்-ஆஃபை நடுத்தரத்துல விட்டுட்டு ஓட்டிப் பாருங்க. நிக்கலை ஓட்டுறதுக்காக அதை அணைச்சு வெச்சிராதீங்க, அப்புறம் மறந்து லைப்போவைக் கொன்னுருவீங்க. லேசான திக்கல் சென்சார் இல்லாத மோட்டாரோட குணம், நல்ல பேட்டரி போட்டா குறையும்.

கண்மாய்க்காரன்:
லைப்போ வந்துச்சு, வெட்டு நின்னுருச்சு. திக்கல் கிளம்பும்போது மட்டும் லேசா இருக்கு. ஆனா ஓட்டுன பிறகு மோட்டார்ல விரலை வைக்க முடியல.

புழுதிப்புயல்:
பினியன்ல இன்னும் ஒரு பல் குறைங்க. இன்ஃப்ராரெட் மானி இருந்தா 80 டிகிரியைத் தாண்டாம பார்த்துக்கோங்க. ஓட்டி முடிச்சதும் பேட்டரியை காரோட டிக்கியில போட்டுட்டு வெயில்ல விட்டுறாதீங்க. நாள் கணக்குல ஓட்டலைன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க.