சுவரில் பதித்த கல்லறைக் கல் உப்பால் உதிர்கிறது: கழற்றலாமா?

சோழமண்டலக் கரையில் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், கடலிலிருந்து சுமார் 200 மீட்டர். செங்கல், சுண்ணாம்புச் சாந்து. சுவர்க் கனம் 75 செ.மீ. தரையிலிருந்து 1.2 மீட்டர் வரை உப்புப் பூக்கிறது. விரலால் தடவினால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. அதே உயரத்தில் பதித்திருக்கும் மணற்கல் கல்லறைப் பலகையில் கடைசி இரண்டு வரி எழுத்துகள் செதில் செதிலாகக் கழல்கின்றன. அவசரம் இதுதான்.

பழைய சிமெண்ட் பூச்சைப் போன வருடமே கொத்தி எடுத்தாயிற்று (ஈரத்தை அடைத்து மேலே ஏற்றிவிட்ட புண்ணியவான் அதுதான்). 1:3 சுண்ணாம்பு, கழுவிய ஆற்று மணலில் மறுபூச்சு. கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்க, காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழ்ப் பற்று மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காயும் வரை. மூன்றாவது பற்றில் உப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு தை வெயில் ஏறியதும் பழையபடி பூத்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்பு கரைகிறது, இறங்கினால் படிகமாகிக் கல்லைப் பிளக்கிறது. இங்கே ஈரப்பதம் தினமும் அந்த அளவுக்கு மேலும் கீழுமாகப் போய்வருகிறது.

உதிரும் கல்லை இறுக்க அக்ரிலிக் பிசின் பூசும் யோசனை வேண்டாம். உப்பு அதன் பின்னால் படிகமாகித் தோலோடு எழுத்தையும் பிய்த்துவிடும்.

அருங்காட்சியகத்தில் கல்வெட்டு, கல்லறைக் கற்களுக்கு உப்பிறக்கியவர்கள் சொல்லுங்கள்: சுவர் ஈரம் நிற்காத நிலையில் இந்தக் கல்லை அங்கேயே வைத்துக் காப்பாற்ற வழியுண்டா, கழற்றித் தொட்டியில் ஊறவைத்தே ஆகவேண்டுமா?