நக்குருவில் இளையோருக்குச் சூழல் முகாம்: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பென்னாகரத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். கென்யாவில், நக்குரு நகருக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் எட்டு மாதங்களாகத் தன்னார்வலராக அறிவியல் கற்பித்து வருகிறேன். ஆகஸ்டு விடுமுறையில், 14 முதல் 17 வயது வரையுள்ள 25 மாணவர்களுக்கு 5 நாள் சூழல் முகாம் நடத்தப் பள்ளி இசைந்திருக்கிறது. கோடை முகாம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே ஆகஸ்டு குளிரான மாதம்.

மரக்கன்று நடுவது, ஏரிக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்ப்பது என்றுதான் முதலில் திட்டம் எழுதினேன். வங்காரி மாத்தாய் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய நாட்டில், மரம் நடுவதைப் பற்றி நான் வந்து சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கம் பிறகு வந்தது. இதற்கிடையே ஒன்றைக் கவனித்தேன். என் வகுப்பில் ஒரு மாணவி சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் கை விலகியபோது, முன்பற்களின் குறுக்கே பழுப்புக் கோடுகள் தெரிந்தன. என் அக்காவுக்கும் அதே பற்கள். அதே போல வாயை மூடும் பழக்கமும் உண்டு. முகாமைத் தண்ணீரில் இருந்து தொடங்கலாமா? நம் மாவட்டத்தில் இப்படி முகாம் நடத்தியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பாலக்கோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்

தாராளமாகத் தொடங்குங்கள் அம்மா. அங்கே எரிமலைப் பாறை, இங்கே பழைய கருங்கல் பாறை. இரண்டிலும் ஊறிவரும் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு கரைந்திருக்கிறது. அது அளவுக்கு மீறினால்தான் பல்லில் இப்படிக் கறை விழும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் பக்கம் 2013இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது, இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான்.

நான் நடத்திய முகாம்களில் முதல் நாள் பாடமே எடுக்கமாட்டேன். பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பி, எந்த வீடு எந்தக் கிணற்றில், எந்த ஆழ்துளைக் கிணற்றில், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறது என்று ஒரு பெரிய தாளில் வரையச் சொல்வேன். மறுநாள் ஒவ்வொரு இடத்துத் தண்ணீரையும் பரிசோதனைப் பெட்டியை வைத்து அவர்களே சோதிப்பார்கள். மருந்துத் துளி விழுந்து நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடங்களில் ஒரு பிள்ளையும் பேசியதில்லை. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எல்லா ஊரிலும் நம்புகிறார்கள். தண்ணீர் சுண்டச் சுண்டப் புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும் என்பதை அவசியம் விளக்குங்கள்.

இன்னொன்றை மிகுந்த பரிவோடு சொல்லவேண்டும். பல் உருவாகும் சிறு வயதில் விழுந்த கறை, பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. ஆகவே உங்கள் மாணவர்களின் பல்லுக்காக அல்ல இந்த முகாம். அவர்கள் வீட்டில் இன்னும் பால்பல் விழாத தம்பி தங்கைகளுக்காக. இதை எங்கள் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னபோது அவர்கள் சோர்ந்துபோகவில்லை, பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

பதில்: தேன்கனிக்கோட்டைக்காரர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன், சகோதரி. சோதனை முடிவை ஊருக்குள் அறிவிக்கும் முன், பள்ளித் தலைமையிடமும் தண்ணீரைப் பராமரிக்கும் உள்ளூர்க் குழுவிடமும் காட்டிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர் எங்கள் கிணற்றைக் கெட்டது என்கிறார் என்ற பேச்சு கிளம்பினால், நீங்கள் திரும்பிய பிறகு அந்தப் பிள்ளைகள்தாம் அதைச் சுமக்க நேரிடும். பெற்றோரின் கையெழுத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள்.

குறையைக் காட்டிவிட்டு மாற்று வழி சொல்லாமல் முகாமை முடிக்கவும் கூடாது. கூரையில் விழும் மழைநீரில் புளோரைடு இருப்பது அரிது. விலங்கின் எலும்பைச் சுட்ட கரியால் புளோரைடை உறிஞ்ச வைக்கும் எலும்புக் கரி வடிகட்டி கென்யாவிலேயே பயன்பட்டு வந்த முறை. ஆனால் கரியின் உறிஞ்சும் திறன் தீர்ந்ததும் மாற்றவேண்டும், எலும்பு என்பதால் சில வீடுகளில் ஏற்கவும் மாட்டார்கள். இங்கிருந்து பொருள் அனுப்பச் சொன்னால் நெகிழிப் பையில் கட்டச் சொல்லாதீர்கள். அங்கே 2017 முதல் அதற்குக் கடுமையான தடை உள்ளது.

மறுமொழி: பென்னாகரத்துப் பெண்

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி தங்கைகளுக்காக என்ற அந்த ஒரு வரியால் என் திட்டமே மாறிவிட்டது. இங்கே பயறு விரைவில் வேக, நாம் சோடா உப்பு போடுவது போல, மகாடி என்ற ஏரி உப்பைப் போடுகிறார்கள். அதிலும் புளோரைடு உண்டு என்பதால் மூன்றாம் நாளைச் சமையலறைக்கு ஒதுக்கியிருக்கிறேன். நான்காம் நாள் பள்ளிக் கூரையில் மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் பொருத்துகிறோம். கடைசி நாள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளையை அழைத்துவர வேண்டும். தலைமை ஆசிரியையிடம் நாளையே பேசுகிறேன்.